சத்துத் தண்ணீர்

மாரீஸ்வரிக்கு அருவருப்பு அதிகம். சேத்தூரில் அவள் வாழ்க்கைப்பட்டு வந்த தெருவில் இது தெரியாதவர்கள் கிடையாது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் ரசத்தை உள்ளங்கையில் ஊற்றி உறிஞ்சினால், பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்துவிடுவாள். கட்டிய புருசன் குடித்து வைத்த தம்ளரில்கூட வாய் வைக்க மாட்டாள். ராஜபாளையம் போகும் பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் ஜன்னல் வழியாகத் துப்பினால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வேறு பஸ்ஸுக்கு வெயிலில் காத்து நிற்பாள்.

"மூக்கப் பொத்திக்கிட்டே பொறந்தவ. பெரிய ஜமீன் வீட்டுப் பிள்ளைன்னு நெனப்பு" என்பாள் பக்கத்துக் காட்டுக்காரர் தவசிமுத்துவின் மனைவி அய்யம்மாள்.

ஜமீனும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆலங்குளம் பக்கத்தில் மழையை நம்பிப் பருத்தி போட்ட ஒரு வீட்டில் ஐந்தாவது பெண். மூத்தவள் உடுத்தி, இரண்டாமவள் கிழித்து, மூன்றாமவள் ஒட்டுப்போட்டு, நான்காமவள் சாயம் போக்கிய பாவாடைதான் இவளுக்கு வரும். சீப்பை எடுத்தால் நான்கு அக்காமாரின் முடியும் அதில் சுருண்டிருக்கும். தண்ணீருக்குத் திண்டாடுகிற ஊர். அக்காமார் துணியை அலசிய தண்ணீரில்தான் இவள் துணியையும் அம்மா முக்கி எடுப்பாள். கடைசிப் பிள்ளைக்கு வாய்த்ததெல்லாம் மிச்சம். எந்த மிச்சத்திலும் யாரோ ஒருவருடைய எச்சில் ஒட்டியிருப்பதாகவே அவளுக்குத் தோன்றும். அந்த எண்ணம் வளர்ந்த பிறகும் போகவில்லை.

புருசன் உக்கிரபாண்டி பட்டாளத்துக்காரர். வருடத்துக்கு ஒரு முறை லீவில் வருவார். அப்படி ஒரு லீவில்தான் மாரீஸ்வரி தன் சங்கிலியை விற்று, சாலையோரம் அறுபது சென்ட் நிலம் வாங்கினாள். நிலம் என்று அதைச் சொல்ல யாருக்கும் மனம் வராது. சீமைக் கருவேல முள் அடைந்து, பன்றி மட்டும் போய்வரும் இடமாகக் கிடந்தது. தவசிமுத்து சிரித்தார். "ஏன் தங்கச்சி, உழுத நிலமா நாலு எடம் வெலைக்கு வருதே. இந்த முள்ளுக் காட்ட வாங்கி என்ன செய்யப் போற?"

உழாத நிலம் என்பதால்தான் வாங்கினாள். யாரும் விதைக்காதது, யாரும் அறுக்காதது, யார் கைபட்டும் நைந்து போகாதது. முள்ளை வெட்டி, தூரைத் தோண்டி, கை கால் எல்லாம் கிழிந்து அதை வயலாக்கினாள். பட்டாவில் அவள் பெயர் மட்டும் ஏறியது. முதல் வருடம் நெல் நின்ற நிற்பைப் பார்க்கத் தெருவே வந்து போனது. வாயில் வெற்றிலையோடு யாராவது வரப்பில் ஏறினால், "துப்பிட்டு வாங்க, அங்கிட்டுப் போய்த் துப்பிட்டு வாங்க" என்று இறக்கிவிடுவாள். அவள் வாழ்க்கையில் மிச்சமாக வராத ஒரே பொருள் அந்த அறுபது சென்ட்.

உக்கிரபாண்டி ஹவில்தாராக ஓய்வு பெற்று ஊருக்கு வந்தார். சும்மா உட்கார முடியாத மனிதர். அந்த நிலத்தின் சாலைப் பக்கத்து மூலையில் ஷெட் போட்டு, கேன் தண்ணீர் கம்பெனி ஒன்று தொடங்கினார். அங்கே ஏற்கெனவே ஒரு போர்வெல் இருந்தது. அதன் தண்ணீர் எப்போதுமே கொஞ்சம் உவர்ப்புதான். கண்மாய்த் தண்ணீர் வற்றுகிற சமயம், பயிர் சாகாமல் இருக்க உயிர்த் தண்ணீராக மட்டும் மாரீஸ்வரி அதைப் பாய்ச்சுவாள். அடுத்த மழை அந்த உவர்ப்பைக் கழுவிக்கொண்டு போய்விடும். இப்போது அந்த போர்த் தண்ணீரைச் சுத்தம் செய்கிற மெஷின் குடித்தது. மெல்லிய குழாய் ஒன்றில் நல்ல தண்ணீர் வந்தது. தடித்த குழாய் ஒன்றில், மெஷின் வேண்டாம் என்று ஒதுக்கிய தண்ணீர் வந்தது. நல்ல தண்ணீரைவிட அதுதான் அதிகம்.

"இம்புட்டையும் ஓடையில விடுறதா?" உக்கிரபாண்டிக்கு மனசு கேட்கவில்லை. "ராஜஸ்தான் பார்டர்ல ஒரு மக் தண்ணியில மூஞ்சி கழுவி, சவரம் பண்ணி, மிச்சத்துல சாக்ஸையும் தொவச்சவன் நான். காட்டுக்குத் திருப்பி விடுதேன்."

"மெஷினே வேண்டாம்னு தள்ளுனதுங்க" என்றாள் மாரீஸ்வரி.

"ஏட்டி, கேன் தண்ணியில சத்தே இல்லன்னு எல்லாரும் சொல்லுதாங்கல்ல? அப்ப அந்தச் சத்து எங்க போச்சு? இதுலதான இருக்கணும்? நீ சோறு வடிக்க. சத்து எதுல இருக்கு, சோத்துலயா, கஞ்சியிலயா?"

வடிகஞ்சியை உதாரணம் காட்டினால் எந்தப் பெண்தான் மடங்க மாட்டாள்? காய்ச்சல் கண்ட பிள்ளைக்கும் இளைத்த கன்றுக்குட்டிக்கும் கஞ்சி ஊற்றித் தேற்றியவள்தானே மாரீஸ்வரியும். தலையை ஆட்டினாள்.

கஞ்சிக் கணக்கு ஊருக்குள் பரவ நேரம் ஆகவில்லை. தவசிமுத்து வந்தார். "மச்சான், அந்தச் சத்துத் தண்ணிய வாரத்துல ஒரு நாளாவது நம்ம பக்கம் திருப்புங்களேன்." பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு மற்றவர்களும் கேட்டார்கள். முறை வைத்தார்கள். முறை தப்பியது என்று சண்டை வந்தது. அய்யம்மாள் சாலையில் நின்று கத்தினாள்: "ஒங்க பொண்டாட்டி காட்டுக்கு மட்டும் சத்து, எங்களுக்கு சப்புத் தண்ணியா? எந்த ஊரு நாயம்யா இது?"

மெஷின் கழித்துத் தள்ளியதற்குக் கைகலப்பு. உக்கிரபாண்டி கோவில் தர்மகர்த்தா போல நடுவில் நின்று பங்கு பிரித்தார்.

பங்குனியில் மாரீஸ்வரி போட்டிருந்த கத்தரி முதலில் நன்றாகத்தான் நின்றது. பிறகு இலையின் ஓரம் அடுப்பில் காட்டியது போலக் கருகியது. காய் கோலிக்குண்டு அளவில் நின்றுகொண்டு தோல் தடித்தது. ராஜபாளையம் மார்க்கெட்டில் வியாபாரி ஒரு காயை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தார். நகம் இறங்கவில்லை. காயைத் திரும்பக் கூடையில் போட்டுவிட்டு, அடுத்த கூடைக்காரியைப் பார்த்து, "ஒனக்கு என்னம்மா?" என்றார்.

வயலுக்குள் இறங்கவே அவளுக்குக் கூசியது. பாய்ச்சிய அன்று பாத்திக்குள் கால் வைத்தால் வழவழவென்று விரலிடுக்கில் ஏறும். பச்சைப் பாசி நூல்நூலாகக் கணுக்காலில் சுற்றும். ஷெட்டில் மெஷினுக்கு ஊற்றுகிற மருந்தின் வாடை தண்ணீரில் அடிக்கும். காய்ந்தால் இன்னும் மோசம். தேமல் விழுந்த முதுகு மாதிரி மண் வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். வீட்டுக்கு வந்து காலைச் சீயக்காய் போட்டுத் தேய்ப்பாள். அப்படியும் படுக்கும்போது பாதத்தில் அந்த வழவழப்பு இருப்பது போலவே இருக்கும். தன் சொந்த வயலிலேயே நுனிக்காலில் நடந்தாள்.

"சத்து ஏறுது" என்றார் உக்கிரபாண்டி. "டானிக் குடிச்சா மொதல்ல வயித்தாலதான் போகும். பொறவு ஒடம்பு தேறும்."

"சோறு திங்கையில பேசுற பேச்சா இது" என்று தட்டைத் தள்ளி வைத்தாள்.

ஆவணியில் நாற்றங்கால் போட்டாள். முளை கட்டிய விதையைத் தானே பாவினாள். புரட்டாசி கடைசியில் மழை இறங்குவதற்குள் நாற்று தயாராக இருக்க வேண்டும். நாற்றுத் தவறினால் அந்த வருடத்து நெல் தவறிவிடும்.

முளைத்தது அங்கொன்றும் இங்கொன்றுமாக, சொறிநாய் முதுகு மாதிரி முளைத்தது. வந்த நாற்றிலும் நுனி கருகியிருந்தது. அவளுக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. கால் புதைகிற ஈரம் இருந்தது. ஆனாலும் நாற்று, தண்ணீரே காணாத பயிர் போல இலையைச் சுருட்டிக்கொண்டு நின்றது. தண்ணீரில் நிற்கிற பயிருக்குத் தாகமா?

ஒன்றைப் பிடுங்கினாள். வேர் குட்டையாக, பழுப்பேறி இருந்தது. தண்டைச் சுற்றி வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. நேரே குழாய் வாய்க்குப் போனாள். யார் தம்ளரிலும் வாய் வைக்காதவள், அந்தத் தண்ணீரில் ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்தாள்.

உப்பு. உப்புக்குள் ஒரு கசப்பு. கசப்புக்குள் துரு வாடை. யாரோ வாய் கொப்புளித்துத் துப்பியதைத் தன் வாயில் வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. வரப்பில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். காலையில் குடித்த காப்பி வரை வந்துவிட்டது. அந்த வாந்தியையும் தன் வயலில்தான் எடுக்க வேண்டியிருந்ததே என்பது அவளுக்கு இன்னும் கேவலமாக இருந்தது.

மறுநாள் வெள்ளையாகப் பூத்த மண்ணைச் சுரண்டி ஒரு பையிலும், போர்த் தண்ணீரையும் குழாய்த் தண்ணீரையும் இரண்டு பாட்டிலிலும் எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினாள். மண் பரிசோதனை செய்கிற இடத்தில் ஜெபா என்ற இளம் பெண் இருந்தாள். பையைப் பிரித்துப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

"அக்கா, மேல பூத்த உப்ப மட்டும் வழிச்சிட்டு வந்துருக்கீங்க. இதச் சோதிச்சா உப்புன்னுதான் வரும். நாலஞ்சு எடத்துல, ஒரு சாண் ஆழம் தோண்டி, கலந்து எடுத்துட்டு வாங்க."

மாரீஸ்வரிக்கு முகம் சுண்டிப்போனது. ஆனாலும் போனாள், தோண்டினாள், திரும்பவும் வந்தாள். ஜெபா மண் கரைசலிலும் குழாய்த் தண்ணீரிலும் மீட்டரின் நுனியை முக்கினாள். எண்ணைப் பார்த்தவள், மீட்டரை உதறிக் கழுவி மறுபடியும் முக்கினாள்.

"இந்தத் தண்ணியவா நாத்துக்கு விட்டீங்க?"

"கேன் தண்ணி மெஷின் கழிச்சது. சத்துன்னு சொன்னாங்கம்மா. வடிகஞ்சி மாதிரின்னு."

"கஞ்சி இல்லக்கா, ஊறுகா. நீங்க மாங்காய்க்கு உப்புப் போட்டு வச்சா என்னாகும்? மாங்கா தண்ணிய விட்டுட்டுச் சுருங்குதுல்ல? உப்பு மண்ணுல வேருக்கும் அதே பாடுதான். சுத்தி ஈரம் இருக்கும், ஆனா வேரால உறிஞ்ச முடியாது. பெரிய பயிராச்சும் கொஞ்சம் தாங்கும். முளையும் நாத்தும் தாங்கவே தாங்காது." மாரீஸ்வரியின் முகத்தைப் பார்த்துவிட்டு, ஜெபா குரலைத் தணித்தாள். "ஒங்க போர்த் தண்ணியில இருந்த உப்பு அம்புட்டையும் மெஷின் ஒதுக்கி, இதுல சேத்துத் தள்ளுது. தண்ணி வெயில்ல போயிரும். உப்பு எங்க போகும்? ஒங்க நெலத்துலதான் தங்கும்."

"இனி நெல்லு வராதா?"

"இந்த வருசம் போடாதீங்க. ஆனா மழைக்கு முன்னாடி அந்தத் தண்ணிய நிப்பாட்டிரணும். நல்ல மழைத் தண்ணிய வயல்ல கட்டி வச்சு, வடிச்சு விடுங்க. பொறவு தக்கைப்பூண்டு வெதைச்சு, பூக்கும்போது மண்ணுக்கு உரமா மடக்கி உழுங்க. நிப்பாட்டாம இன்னும் விட்டீங்கன்னா மண்ணு இறுகிப்போயிரும். அதுக்குப் பொறவு மழை பெஞ்சாலும் உள்ள எறங்காது."

பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து வாயைச் சேலைத் தலைப்பால் பொத்தியிருந்தாள். அறுபது சென்ட்டையும் ஜாடியில் போட்டு ஊற வைத்திருக்கிறோம் என்ற நினைப்பே சுற்றிச் சுற்றி வந்தது. மழைக்கு முன்னால் நிறுத்த வேண்டும்.

சொன்னாள். உக்கிரபாண்டி கேட்கவில்லை. "ஒரு பொட்டப்பிள்ள மீட்டர முக்கிப் பாத்துட்டுச் சொல்லுது, நீயும் கேட்டுட்டு வார. அம்புட்டுப் பேரும் வேணும் வேணும்னு நிக்காங்க, அவிய எல்லாம் கூறு இல்லாதவங்களா?"

அவர் சொல்லி முடித்த மறுநாளே அவர்கள் வந்துவிட்டார்கள். மாரீஸ்வரி தண்ணீரை நிறுத்தச் சொல்கிறாளாம் என்று கேள்விப்பட்டு, தவசிமுத்து, அய்யம்மாள், இன்னும் நாலைந்து பேர் ஷெட் வாசலில் கூடினார்கள். உக்கிரபாண்டி தன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, "செத்த நேரம் இருங்க, பேசிக்கிடுவோம்" என்றார்.

மாரீஸ்வரி உள்ளே போனாள். தட்டில் தம்ளர்களை வைத்து நிரப்பிக் கொண்டுவந்தாள். வெயிலில் வந்தவர்கள். தவசிமுத்து ஒரே மடக்காக வாயில் ஊற்றினார். அடுத்த நொடி கண் பிதுங்க எழுந்து, சுவர்மேல் கொப்புளித்துத் துப்பினார்.

"தூ! என்ன தங்கச்சி இது? மாட்டு மூத்திரம் கணக்கா இருக்கு!"

"சத்துத் தண்ணிண்ணே. முறை வச்சு வாங்குறீயளே, அதேதான். குடிங்க, அம்புட்டும் சத்து."

அய்யம்மாள் தம்ளரை மோந்து பார்த்துவிட்டு மெதுவாகத் தரையில் வைத்தாள். மற்றவர்களும் வைத்தார்கள். உக்கிரபாண்டி தலையைக் குனிந்துகொண்டார். முடிந்தது என்றுதான் மாரீஸ்வரி நினைத்தாள்.

தவசிமுத்து வாயைத் துண்டால் துடைத்தார். மீசையில் ஒட்டியிருந்ததைப் புறங்கையால் வழித்து வேட்டியில் தேய்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "நாங்க என்ன குடிக்கவா கேட்டோம்? பயிருக்குத்தான கேட்டோம். பயிருக்கு என்ன நாக்கா இருக்கு?"

"அதான!" என்றாள் அய்யம்மாள். "நாக்கா இருக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். உக்கிரபாண்டிகூட நிமிர்ந்துவிட்டார்.

எச்சிலையும் சளியையும் சீப்பு முடியையும் கண்டு எத்தனையோ முறை முகம் சுளித்தவள்தான். அந்த மீசையைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் கேட்ட வாயைப் பார்த்தபோது வந்தது போல ஒரு அருவருப்பு அவளுக்கு அதுவரை வந்ததில்லை.

"சரி, மாரிக்கு வேண்டாமாம். மொத்தத்தையும் தவசி மச்சான் பக்கமே திருப்பி விடுதேன்" என்று உக்கிரபாண்டி தீர்ப்புச் சொன்னார். தவசிமுத்துவின் காடு மேட்டில் இருக்கிறது. அங்கே விட்ட தண்ணீர் இரண்டொரு நாளில் இவள் வரப்புக்கு அடியில் கசிந்து வரும். அது உக்கிரபாண்டிக்கும் தெரியும். தெரிந்தும் சொன்னார்.

மறுநாள் விடிந்ததும் மாரீஸ்வரி மண்வெட்டியை எடுத்தாள். தடித்த குழாயை வயலிலிருந்து உருவி இழுத்துக்கொண்டு வந்து, ஷெட்டின் முன்வாசலில், சரியாகப் பிளாஸ்டிக் நாற்காலிக்கு எதிரே போட்டாள். தண்ணீர் சாலைக்கு ஓடாதபடி வாசலைச் சுற்றி ஒரு சின்னக் கரையும் கட்டினாள்.

"ஏட்டி, ஒனக்குக் கிறுக்கா? கம்பெனி வாசல்ல விடுத!"

"எங்க விட்டா என்ன? வாசலும் என் பட்டாவுலதான் இருக்கு."

"கேன் எடுக்க ஆளு வருவாங்கட்டி!"

"வரட்டும். சத்துல நனைஞ்சிட்டுப் போகட்டும்."

அவர் ஒரு தடவை குழாயைத் தூக்கி வயலுக்குள் போட்டார். அவள் எடுத்து வாசலில் போட்டாள். இன்னொரு தடவை போட்டார். அவளும் போட்டாள். நிலத்துக்காரி அவள். ஷெட்டுக்கு வந்த கரண்டும் அவள் பெயரில்தான் வந்தது. மூன்றாம் தடவை அவர் போடவில்லை.

வாசல் குட்டையானது. ஓரத்தில் வெள்ளையாகப் படிந்தது, நடுவில் பச்சையாகப் பாசி பிடித்தது. கொசு முட்டையிட்டது. ஒரு தெருநாய் வந்து நக்கிப் பார்த்துவிட்டுத் தலையை உதறிக்கொண்டு ஓடியது. கேன் எடுக்க வந்த ஆட்டோக்காரர் வண்டியை விட்டு இறங்காமலேயே கேட்டார்: "அண்ணாச்சி, இந்தத் தண்ணியிலதான் கேன் கழுவுறீயளா?" இல்லை என்று உக்கிரபாண்டி சத்தியம் செய்தார். ஆட்டோக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார், நம்பின முகமாகத் தெரியவில்லை. டீக்கடைக்காரர் வேறு இடத்தில் கேன் எடுக்கத் தொடங்கினார்.

பட்டாளத்தில் எதற்கும் முகம் சுளிக்காதவர் என்று பெயர் வாங்கிய உக்கிரபாண்டி, வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தன் ஷெட்டுக்குத் தானே தாவித் தாவிப் போனார். ஒரு நாள் கால் வழுக்கி, குட்டைக்குள் கையை ஊன்றிவிட்டார். கையில் பாசி தொங்கியது. அதை உதறினார், போகவில்லை. மூக்கும் வாயும் கோணிக்கொண்டு போயின.

"சே! என்னட்டி இது. தொடவே கூசுது."

அந்த வீட்டில் மாரீஸ்வரியைத் தவிர இன்னொரு முகம் அப்படிச் சுளித்தது அன்றுதான். அவள் மண்வெட்டியை நீட்டினாள்.

நிலத்துக்குக் கீழ்ப்புறம், எதுவும் விளையாத கல்லுமேட்டில் உக்கிரபாண்டி குழி வெட்டினார். தடித்த தார்ப்பாய் விரித்து, குழாயை அதற்குள் விட்டார். தண்ணீர் வெயிலில் வற்றும், உப்பு பாயில் தங்கும். குழி நிறைந்த நாளில் மெஷினை ஓட்டுவதில்லை என்றும் ஒத்துக்கொண்டார். முறை வாங்கியிருந்தவர்கள் ஒரு வாரம் ஏசினார்கள்.

மழை வந்தது. வரப்பைக் கட்டி மழைத் தண்ணீரை வயலில் நிறுத்தினாள். மடையைத் திறந்தபோது கலங்கலாக ஓடையில் இறங்கியது. தன் வயல் துப்பியதை ஓடை வாங்கிக்கொண்டு போவதைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திரும்பவும் கட்டினாள், திரும்பவும் வடித்தாள். தக்கைப்பூண்டு விதைத்தாள். முக்கால் வயலில் முழங்கால் உயரத்துக்கு எழுந்தது. குழாய் வாய் இருந்த இடத்தில் மட்டும், ஒரு கட்டில் போடும் அளவுக்கு, ஒன்றும் முளைக்கவில்லை.

அந்தச் சொட்டையைப் பார்த்துக்கொண்டு அவள் நின்ற ஒரு காலையில் தவசிமுத்து வரப்பேறி வந்தார். வாய் நிறைய வெற்றிலை. அவர் காட்டில் மிளகாய் முழுக்கக் கருகியிருந்தது. அதைப் பற்றி அவர் பேசவில்லை.

"தங்கச்சி, ஒரு ரோசனை. தென்னைக்கு நம்ம ஆளுக தூருல உப்பு வைப்பாங்கல்ல? அந்தக் குழித் தண்ணிய என் தென்னைக்கு விட்டா என்ன?"

மாரீஸ்வரி அவர் வாயையே பார்த்தாள். "வாயில உள்ளத அங்கிட்டுப் போய்த் துப்பிட்டு வந்து பேசுங்கண்ணே."

தவசிமுத்து சுற்றுமுற்றும் பார்த்தார். பச்சையில் துப்பக் கூடாது என்ற நினைப்பு அவருக்கும் இருந்தது போலும். தலையை நீட்டி, அந்தச் சொட்டையின் நடுவில் குறிபார்த்துத் துப்பினார்.

"இதுலதான் ஒண்ணும் மொளைக்கலையே" என்றார் சிரித்துக்கொண்டு.

மாரீஸ்வரி மண்வெட்டியை எடுத்தாள். சிவப்பாகக் கிடந்த இடத்தை அடிமண்ணோடு ஒரே வெட்டாக அள்ளினாள். வரப்பைத் தாண்டி, அவருடைய மிளகாய்க் காட்டுக்குள் வீசினாள்.

"ஒங்க சத்துண்ணே அது. நீங்களே வச்சுக்கோங்க."

மண்வெட்டியைக் கழுவ நல்ல தண்ணீர் எடுக்கப் போனாள்.